லைன் வீட்டுத் தெருவில் கூட்டாகக் காய் வாங்குவதும், கம்மங்கூழ்ப் பானை வைப்பதும்

திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் ஒரே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீடுகளில் குடியிருப்பவர்களிடம் போய்க் கீரை நல்லது என்று வகுப்பெடுக்கத் தேவையில்லை. அவர்களுக்குத் தெரியும். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழைந்து, ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருகிறவருக்குக் கீரை வாங்கவும் நேரமில்லை, ஆயவும் நேரமில்லை. அந்த நேரத்தில் வழியில் திறந்திருப்பது புரோட்டாக் கடைதான். காசும் அப்படித்தான். சனிக்கிழமை சம்பளம் வந்து ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற வீட்டிலேயே புதன்கிழமை ரசமும் அப்பளமும்தான் இருக்கும்.

ஆகவே தெருவாகச் சேர்ந்து மாற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று, காய் வாங்கும் முறை. இன்னொன்று, காலைச் சாப்பாடு. இந்த இரண்டும் நிலைத்துவிட்டால் எண்ணெய், தின்பண்டம் எல்லாவற்றையும் அப்புறம் பேசிக்கொள்ளலாம். கூட்டம் போட்டுப் பேசுவதிலிருந்து தொடங்கிய முயற்சிகள் கூட்டத்தோடு முடிந்துபோகும். வாங்குவதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வாரம் கணக்கெடுப்பு

"என்ன சாப்பிடறீங்க?" என்று வீடு வீடாகக் கேட்காதீர்கள். யாராக இருந்தாலும் கூச்சப்பட்டு, இருப்பதைவிட நன்றாகத்தான் சொல்வார்கள். அதற்குப் பதில் ஒரு வாரத்துக்கு இரண்டு விஷயம் மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். காலியான எண்ணெய்ப் பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் சேர்த்து வைப்பது. காய்கறி வாங்கும்போதெல்லாம் எத்தனை கிலோ என்று காலண்டர் தாளில் எழுதுவது. உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் ஒரு ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. நாலு பேர் வீட்டுக்கு வாரம் 11 கிலோ ஆகிறது. எழுதிப் பார்த்தால் பல வீடுகளில் இதில் பாதிகூட வராது. எடுத்த எடுப்பில் 11 கிலோவுக்குப் போக வேண்டாம். வாங்கியது வீணாகும், வீணானால் மனம் விட்டுப்போகும். வாரம் ஐந்தரை கிலோவும் இரண்டு கட்டுக் கீரையும் முதல் மூன்று மாதத்துக்குப் போதுமான இலக்கு.

கூட்டுக் கொள்முதல்

12 முதல் 18 வீடுகள் சேர்வது சரியான அளவு. பத்து வீட்டுக்குக் கீழே இருந்தால் மொத்த விலை கிடைக்காது. இருபதைத் தாண்டினால் பங்கு பிரிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ராத்திரி வேலை முடித்து வந்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள். கீழே உள்ள கணக்கு 15 வீட்டுக்கு.

வாரம் இரண்டு முறை வாங்க வேண்டும்: ஞாயிறு காலை, புதன் காலை. ஆனால் இரண்டு முறைக்கும் காசைச் சனிக்கிழமை ராத்திரியே வசூலித்துவிட வேண்டும். வீட்டுக்கு ஒரு முறைக்கு ₹150 என்று வைத்தால் சனிக்கிழமை ₹300 கைமாறும். புதன்கிழமை போய்க் கேட்டால் பாதி வீட்டில் இருக்காது. இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டே குழுவை விட்டு விலகுவார்கள். இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் மற்றதெல்லாம் சேர்ந்து தளர்ந்துவிடும்.

ஒரு முறைக்கு வாங்க வேண்டியது ஏறக்குறைய இப்படி:

தக்காளி ஒரு பெட்டி, 14 கிலோ. சின்ன வெங்காயம் 8 கிலோ. சுரை, புடலை, பீர்க்கு இவற்றில் எது விலை இறங்கியிருக்கிறதோ அது 8 கிலோ. கத்தரி 5 கிலோ. அவரை அல்லது கொத்தவரை 4 கிலோ. முருங்கைக்காய் வீட்டுக்கு மூன்று வீதம் 45, எடை 3 கிலோ வரும். கீரை 15 கட்டு. எல்லாம் சேர்ந்து 42 கிலோ, கீரை தனி. ஒரு வீட்டுக்கு 2.8 கிலோவும் ஒரு கட்டும் சேரும். இரண்டு சாக்கும் ஒரு பெட்டியும் என்பதால் டிவிஎஸ் எக்ஸெல் வண்டி ஒன்றே போதும். சாக்கை முன்னால் வைத்துத் தக்காளிப் பெட்டியைப் பின்னால் கட்டுங்கள். தக்காளி மேல் எதையும் வைக்காதீர்கள்.

எங்கே வாங்குவது? திருப்பூரில் தென்னம்பாளையம், ஈரோட்டில் சம்பத் நகர், கோவையில் சிங்காநல்லூர், ஆர்.எஸ்.புரம் என்று உழவர் சந்தை எல்லா ஊரிலும் இருக்கிறது. அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள்; வாங்கும் முன் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் "நீ என்ன வெலைக்கு வாங்குன?" என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. ஐந்தரை மணிக்குள் போக வேண்டும். கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும் என்பது நிஜம்தான், ஆனால் மூன்று நாள் வைத்துச் சாப்பிடப் போகிற காயை அந்த நேரத்தில் வாங்கக் கூடாது. ஒரே விவசாயியிடம் நான்கைந்து வாரம் தொடர்ந்து வாங்கினால் அவரே எடுத்து வைக்க ஆரம்பிப்பார். பொங்கலூர், குண்டடம் பக்கத்துச் சின்ன வெங்காயக்காரரும், மூலனூர்ப் பக்கத்து முருங்கைக்காரரும் அப்படிக் கிடைத்தால் விடாதீர்கள்.

தக்காளி விலை எகிறும் மாதம் வரும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அப்போது வீட்டுப் பங்குத் தொகையைக் கூட்டாதீர்கள். தக்காளியைப் பாதியாக்கிப் புளிக்கு மாறுங்கள். மிச்சக் காசுக்குச் சுரைக்காயும் பூசணியும் கூட வாங்கலாம்.

இனி பங்கு பிரிப்பது. குழு உடைவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் தக்காளியில்தான். "ஏனுங்க்கா, எனக்கு மட்டும் அழுகலா வருது?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டால் அது ஒரு மாதத்துக்குத் தெருவில் ஓடும். பெட்டியைக் கவிழ்த்ததும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: நன்றாகக் கனிந்தது, செங்காய், பச்சை. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று குவியலிலிருந்தும் எடுத்து நிறுங்கள். கனிந்ததை இன்றைக்கும், செங்காயை நாளைக்கும், பச்சையை மறுநாளும் சமைக்கலாம். நசுங்கியதை யார் பங்கிலும் போடாமல் தனியே வைத்து, அன்றைக்கே தொக்காக்க யார் வாங்கிக்கொள்கிறார்களோ அவர்களுக்குக் கொடுங்கள். அன்று சந்தைக்குப் போய் வாங்கி வந்த இருவரும் கடைசியாகத்தான் தங்கள் பங்கை எடுக்க வேண்டும். இந்த விதி முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

42 கிலோ வாங்கினால் பிரிக்கும்போது 40 அல்லது 41 கிலோதான் நிற்கும். வெங்காயச் சருகு, மண், ஈரம், சந்தைத் தராசுக்கும் வீட்டுத் தராசுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் அதில் போகும். வாங்கிய எடையை வைத்துப் பிரித்தால் கடைசி வீட்டுக்குக் குறையும். வந்து சேர்ந்ததை முதலில் நிறுத்து, அதை 15-ஆல் வகுங்கள். ஈரவெங்காயம் மலிவாகக் கிடைத்தாலும் யோசித்து வாங்குங்கள். சிமெண்ட் ஓட்டு வீட்டுச் சூட்டில் இரண்டே நாளில் வாடை அடிக்கும்.

சந்தைக்குப் போகிறவர்கள் வாரா வாரம் மாற வேண்டும். சாமர்த்தியமாக வாங்குகிறார் என்று ஒரே ஆளை அனுப்பிக்கொண்டிருந்தால், அவருக்குக் காய்ச்சல் வந்த வாரத்தோடு எல்லாம் நின்றுபோகும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் வரவு, செலவு, எடை மூன்றையும் அன்றைக்கே எழுதி, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள். வாரம் வீட்டுக்குப் பத்து ரூபாய் தனியே சேர்த்தால் பத்து வாரத்தில் ₹1,500 நிற்கும். ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடுகிற வாரத்தில் சம்பளம் வராத வீட்டுக்கு அந்த வாரப் பங்கை இதிலிருந்து கொடுக்கலாம். கடன் என்று பெயர் சொல்ல வேண்டாம். முடிந்தபோது திருப்பிப் போடட்டும்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் தெருவில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கொத்தவரையும் முருங்கையும் பழக்கமில்லாமல் இருக்கலாம். அவர்கள் பங்கில் அதற்குப் பதிலாகப் பூசணியோ பாகற்காயோ வைத்தால் போதும். வறுத்த கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து உப்பும் எலுமிச்சையும் போட்டு, 'சத்து' என்ற பெயரில் அவர்கள் குடிப்பது நம் கூழுக்கு நிகரான காலை உணவு. கற்றுக்கொள்ள வேண்டியது நாமும்தான்.

கீரை ஆய நேரமில்லை என்பதற்கு ஒரு வழி. முருங்கைக் கீரையைக் கொத்தோடு ஒரு பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுற்றி ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் அவிழ்த்து உதறினால் இலை தானாகக் கொட்டும். உருவ வேண்டிய வேலையே இல்லை. ஈரக் கொத்தைச் சுற்றினால் இலை கறுத்துவிடும், உலர்ந்திருக்க வேண்டும். அரிசியும் பருப்பும் சோறு வைக்கிற அன்று இதை இரண்டு கைப்பிடி அள்ளிப் போடுங்கள். அதே சோற்றில் ஒரு டம்ளர் ரேஷன் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு போடுகிற இடத்தில் அரை டம்ளர் போட்டால், காசில்லாத புதன்கிழமைக்கு அதைவிட நல்ல சாப்பாடு வேறு இல்லை.

கூழ்ப் பானை: 20 பேருக்கு

காலையில் வெறும் டீயோடு போகிறவர்கள்தான் பதினோரு மணி டீ டைமில் வடையும் பன்னும் வாங்குகிறார்கள். அந்த இடத்தை நிரப்பக் கம்மங்கூழ் பொருத்தம். முந்தின ராத்திரியே வேலை முடிந்துவிடும், காலையில் கரைத்தால் போதும்.

தேவை: கம்பு 1 கிலோ, தயிர் ஒன்றரை லிட்டர், சின்ன வெங்காயம் அரை கிலோ, பச்சைப்பயிறு 600 கிராம், உப்பு 25 கிராம், 12 லிட்டர் எவர்சில்வர் அண்டா, ஊறவைக்க மண்பானை.

கம்பை மாவாக வாங்காதீர்கள். கம்பில் எண்ணெய்ச் சத்து அரிசி, கோதுமையைவிட அதிகம். அரைத்து வைத்தால் சில நாளிலேயே காறல் வாடை வந்து கசக்கும். கூழ் கசக்கிறது என்று பிள்ளைகள் ஒதுக்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தானியமாக வாங்கி, அன்றன்றைக்கு உடைக்க வேண்டும்.

கம்பைப் புடைத்து, தண்ணீரில் அலசிக் கல் அரித்து, வடிகட்டி அரை மணி நேரம் ஈரத்தோடு விடுங்கள். மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி, ரவையைவிடச் சற்றுப் பெரிய குருணையாக உடைக்கவும். நைசாக அரைத்தால் கூழ் பசை மாதிரி ஆகும். தவிட்டைச் சலித்து எறிய வேண்டாம்.

அண்டாவில் 4 லிட்டர் தண்ணீர் கொதிக்கட்டும், உப்பைப் போடுங்கள். குருணையை இன்னொரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பைக் குறைத்துவிட்டு, ஒருவர் ஊற்ற இன்னொருவர் துடுப்பால் கிளற வேண்டும். காய்ந்த குருணையை நேரே கொட்டினால் கட்டி தட்டும், கட்டிக்குள் வேகாது. 25 முதல் 30 நிமிடம் கிளறுங்கள். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். அரைகுறையாக வெந்த கம்பைச் சாப்பிட்டால் வயிறு பொருமும்.

கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், கையை நனைத்துக்கொண்டு கால் கிலோ உருண்டையாக 20 உருண்டை பிடிக்கவும். மண்பானையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உருண்டைகள் முழுகும்படி போட்டு, துணி கட்டி மூடுங்கள். காய்ச்சிய தண்ணீர் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நாலைந்து நாளுக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர் வருகிற தெருக்களில் எல்லாரும் டிரம்மில் பிடித்து வைத்து, கைவிட்டு மொண்ட தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம். அதில் ஊறிய கூழைக் குடித்து நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அந்தத் தெருவில் மறுபடி பானை வைக்க முடியாது.

காலை ஏழு மணிக்கு உருண்டைகளை நீராகாரத்தோடு பிசைந்து, தயிரை 4 லிட்டர் தண்ணீர் விட்டுக் கடைந்து மோராக்கி ஊற்றி, வெங்காயம் அரிந்து போடுங்கள். பச்சைப்பயிற்றை முந்தின காலையிலேயே ஊறவைத்து, ராத்திரி முளைகட்டித் துணியில் வைத்திருந்து, காலையில் வேகவைத்துச் சுண்டலாக ஒரு கரண்டி கூடவே கொடுங்கள். கூழ் மட்டும் என்றால் ஒரு ஆளுக்கு 50 கிராம் கம்புதான் போய்ச் சேரும்; பத்தரைக்கே பசிக்கும். பயிறு சேர்ந்தால்தான் மதியம் வரை தாங்கும். பச்சைப்பயிறு விலை ஏறினால் தட்டப்பயிறு, கொள்ளு. மோர் மிளகாய் ஆளுக்கு ஒன்று போதும், அதில் உப்பு அதிகம்.

சித்திரை வெயிலில் எட்டு மணி நேரத்திலேயே அளவுக்கு மீறிப் புளித்துவிடும். அந்த மாதங்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் உருண்டையைப் போடுங்கள், விடிந்ததும் தண்ணீரை மாற்றுங்கள். கரைத்த கூழைப் பத்து மணிக்கு மேல் வைக்க வேண்டாம். நுரைத்து, வழுவழுப்பாகி, வேறு வாடை வந்தால் பானையோடு கொட்டிவிடுங்கள். புளித்த கூழை அலுமினியப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது, புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

யார் சமைப்பது? வீட்டிலிருந்தே தைத்த துணியில் பிசிறு நூல் வெட்டுகிற அக்காவோ, பேரப்பிள்ளை பார்த்துக்கொள்கிற ஆத்தாவோ செய்வார்கள். "ஆத்தா சும்மாதான இருக்காங்க" என்று கூலி கொடுக்காமல் விடுவது அநியாயம், அப்படி வைத்த பானை இரண்டு மாதம் தாண்டாது. ஒரு டம்ளர் ₹20 என்று வைத்தால் 20 பேருக்கு ₹400 வரும். அதில் பொருளுக்கு மூன்றில் இரண்டு பங்கு, சமைப்பவருக்கு நாலில் ஒரு பங்கு, மிச்சம் பானை, துடுப்பு, கேஸ் உபரிச் செலவுக்கு என்று ஒதுக்குங்கள். காசுக்கு விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூழ் என்றால் எவ்வளவும் குடிக்கலாம் என்று நினைப்பது தவறு. அவர்களுக்கு ஒரு டம்ளர், பயிறு இரண்டு கரண்டி. மாத்திரையை நிறுத்தக் கூடாது. ரத்தசோகை உள்ள பெண்கள் கூழும் கீரையும் சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். டீயில் உள்ள துவர்ப்பு இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கூடவே ஒரு நெல்லிக்காய் கடித்தால் சேர்வது கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரைக்கு இது பதில் ஆகாது.

பெட்டிக்கடைக்காரரைச் சேர்த்துக்கொள்வது

பிள்ளைகள் கையில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் எப்போதும் இருக்கும். கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்கும் பிழைப்பு. "அண்ணா, வேகவெச்ச நிலக்கடலை, தட்டப்பயிறு, கொய்யாக்கா வெச்சுப் பாருங்க, ரெண்டு வாரத்துக்கு மிஞ்சுனத நாங்க எடுத்துக்கறோம்" என்று சொல்லுங்கள். மிச்சத்துக்குப் பயந்துதான் அவர்கள் வைப்பதில்லை. சாயங்காலம் நாலரைக்குச் சுடச்சுட இருக்க வேண்டும். ஆறிப்போனால் பாக்கெட்தான் ஜெயிக்கும்.

எண்ணெய்க்கு: காலிப் பாக்கெட் சேர்ப்பதை முதல் வாரத்தோடு நிறுத்தாமல் தொடர்ந்து, மாதக் கடைசியில் எண்ணுங்கள். நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டரைத் தாண்டினால் அதிகம்.

சாக்குக் கீரை

மாட்டுத் தீவனச் சாக்கைப் பாதியாக வெட்டி, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து முக்கால் அளவுக்கு நிரப்புங்கள். அடியில் நாலைந்து துளை வேண்டும். சிறுகீரை, முளைக்கீரை விதை ஒரு சிட்டிகையை ஒரு கை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மூன்றாவது வாரத்துக்கு மேல் பிடுங்கலாம். எல்லாச் சாக்கிலும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் தின்ன வேண்டிவரும். ஆறு சாக்கு என்றால் நாலு நாளுக்கு ஒரு சாக்காக விதைத்து வாருங்கள்.

நொய்யல் கரையிலிருந்தோ சாயக்கழிவு ஓடிய ஓடைகளிலிருந்தோ மண் அள்ளாதீர்கள். அந்தப் பக்கத்துப் போரின் உப்புத் தண்ணீரையும் பாய்ச்ச வேண்டாம். அரிசி, காய் அலசிய தண்ணீரே போதும். ஐப்பசி மழைக்குப் பிறகு காட்டோரம் முளைக்கிற பண்ணைக்கீரை, தொய்யக்கீரையைப் பெரியவர்களோடு போய்ப் பறிக்கலாம். களைக்கொல்லி அடித்த வேலியோரத்தைத் தவிர்த்துவிடுங்கள். முருங்கை மரம் வைக்க இடமிருந்தால் ஒரு போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டால் போதும், ஆனால் மழைக் காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பும்; பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கன்வாடியும் பள்ளியும்

ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் எடையை அங்கன்வாடியில் மாதா மாதம் போட்டுக் குறிக்கிறார்களா என்று அம்மாக்கள் போய்ப் பாருங்கள். அங்கே தருகிற சத்துமாவைச் சும்மா வைத்துப் புழு வரவிடாமல் கொழுக்கட்டையாகப் பிடித்துக் கொடுக்கலாம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. உங்கள் பிள்ளைகள் பள்ளி தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். அதற்காகத் தெருப் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிப் போக முறை வைத்து ஒருவர் போங்கள்.

தீபாவளி, பொங்கல் விடுமுறை

கம்பெனி மூடி எல்லாரும் ஊருக்குப் போகிற வாரங்களில் இந்த ஏற்பாடு நிற்கும், அது இயல்பு. திரும்பி வந்து எந்தச் சனிக்கிழமை வசூல், எந்த இருவர் சந்தை என்பதைக் கிளம்பும் முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். எழுதாமல் போன குழுக்களில் ஆளுக்கு ஆள் மற்றவர் கூப்பிடட்டும் என்று காத்திருந்து தை முடிந்துவிடும். சேமிப்புக் காசை இரண்டு பேர் பெயரில் எழுதி ஒப்படையுங்கள். மீந்த கம்பை வெயிலில் காயவைத்து வேப்பிலையோடு டப்பாவில் மூடுங்கள். மண்பானையைச் சோப்புப் போடாமல் வெந்நீரும் சாம்பலும் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் வைத்து, வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள்.